முடியாமல் கிடந்த மூன்றாவது ஆட்டம்

இரத்தினபுரிப் பக்கம், ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே ஸ்டாஃப் கிளப் என்று ஒரு பழைய கட்டடம் உண்டு. அதற்கும் எங்கள் குவாட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு வேலிதான். கிளப்பின் நடு அறையில் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பெரிய பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று கிடக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை என்பதால்தான் மிஞ்சியது என்பார்கள்.

என் கணவர் தேயிலைப் பெக்டரியில் சூப்பர்வைசர். கிளப் சாவி அவரிடம்தான் இருந்தது. வேலை விட்டு வந்து குளித்து, பால் விடாத பிளேன்டி ஒன்று குடித்துவிட்டு வேலி இடைவெளியால் கிளப்புக்குப் போய்விடுவார். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பகலெல்லாம் குழந்தைகளின் அழுகை, பின்னேரம் அந்தப் பந்துகள் முட்டிக்கொள்ளும் சத்தம். பெண்கள் கிளப்புக்குள் போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நாங்கள் போனதுமில்லை. சமையல்கட்டு ஜன்னலால் பார்த்தால் மேசையின் ஒரு முனை தெரியும். அவருடைய முதுகு வரும், போகும். அவ்வளவுதான் நான் பார்த்த ஆட்டம்.

கிளப்பில் ஆட்டத்தைவிட வாக்குவாதம் அதிகம். உலகத்திலேயே எல்லா விதத்திலும் பெரிய ஆட்டக்காரன் யார் என்பதுதான் நெடுநாள் சண்டை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் போனில் வீடியோ போட்டுக் காட்டுவார். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"அவன் ஸ்நூக்கர்ல கிங்கு. சரி. பூல் மேசைக்கிட்ட கொண்டாந்து விடுங்க, என்னா செய்வான்?"

"பூல் என்னாங்க பூல்! சின்ன மேசை, பெரிய பொக்கட்டு. என் மாமியாகூடப் போட்டுருவா."

"அப்ப பில்லியர்ட்ஸ்? மூணே பந்து. அதுல நின்னு காட்டட்டுமே. மூணுலயும் நிக்கிறவன்தான் ஆளு."

ஒருநாள் மழைக்கு சிக்னல் போய், டிஸ்பென்சரின் வீடியோ பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் யாரோ சொன்னார்களாம்: எதுக்கு வெளிநாட்டுக்குப் போவணும், இங்கேயே ரெண்டு பேர் இருக்காங்களே என்று.

ஒருவர் என் கணவர். மற்றவர் ஓப்பநாயக்க டவுனில் ஸ்கூல் வேன் ஓட்டும் சிங்கள மனிதர். தோட்டத்து ஆள் இல்லை என்றாலும் பல வருஷமாகக் கிளப்புக்கு வந்துகொண்டிருந்தார். பெரிய உடம்பு, மெதுவான நடை, எதற்கும் அவசரப்படாதவர். என் கணவர் அவரை "அய்யே" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார். நானும் அப்படித்தான். அவருக்கு நான் "நங்கி", தங்கச்சி. அவர்கள் இருவரும் பேசுவது பாதி சிங்களம், பாதி தமிழ். ஆடும்போது இரண்டும் இல்லை.

மூன்று ஆட்டம் ஆடுவது என்று முடிவாயிற்று. பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் கிளப் மேசையில். பூல் மட்டும் பக்கத்து டவுன் பெல்மதுளையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த மேசையில். பில்லியர்ட்ஸை என் கணவர் ஜெயித்தார். ஸ்நூக்கரை வேன்காரர் ஜெயித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தோற்றவர் மாதிரியே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அய்யே கடைசி மூணு பந்த எடுத்தாரு பாரு, அப்பிடி ஒண்ண நான் பாத்ததே இல்ல" என்றார். பூலுக்கு அடுத்த ஞாயிறு என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் மழை நிற்கவில்லை. களு கங்கை பெருகி, இரத்தினபுரியில் என் கணவரின் தங்கச்சி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் இவர் போய் இரண்டு நாள் நின்று, வீட்டுச் சேற்றை வாரிப்போட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார். காலில் எங்கேயோ ஒரு கீறல். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி என்றார், கண் சிவந்தது. டிஸ்பென்சர் பார்த்த உடனே முகம் மாறி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு தப்பியது. கடைசியாக என்னிடம் பேசியது, "புள்ள, தண்ணி கொண்டா" என்பதுதான். நான் போத்தலைத் திறந்து திரும்பும்போது கண்ணை மூடியிருந்தார். அதற்குப் பிறகு பேசவில்லை.

சாவு வீட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஆண்கள் கேரம் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம், தமிழ் வீடென்றாலும் சிங்கள வீடென்றாலும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, வெளியே அவர்கள் பேசியது கேட்டது.

"என்னா சொன்னாலும் ஒண்ணுக்கு ஒண்ணு சமம்தானே. பூலு ஆடியிருந்தா இவருதான் அடிச்சிருப்பாரு" என்றது டிஸ்பென்சரின் குரல்.

"அத எப்பிடிங்க சொல்லுவீங்க? இப்ப இருக்குறது ஒருத்தர். அப்ப அவருதானே பெரிய ஆளு" என்றார் பெரிய கிளாக்கர்.

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. ஆனால் வேன்காரர் அப்போது வாடகைக் கதிரைகளை நான்கு நான்காகத் தூக்கி வந்துகொண்டிருந்தார். அவற்றை அங்கேயே கீழே வைத்தார். "ஆட்டம் முடியல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டுக்கு இறங்கிப் போனார். அடக்கத்தின்போது அவரைத் தூரத்தில், ரப்பர் மரங்களுக்குக் கீழே பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில் வரவேயில்லை.

சர்ச்சில் என் கணவருக்கான மாதப் பூசை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நங்கி, கிளப் சாவி குடுங்க."

"கிளப்புல யாரும் இல்லீங்களே, அய்யே. எல்லாரும் ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போயிருப்பாங்க."

"அதுதான் வந்தது."

சாவியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பந்துகள் முட்டும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். ஒருவர் தனியாக ஆடும்போது சத்தத்தில் ஒரே மாதிரியான நடை இருக்கும். இதில் இரண்டு நடை இருந்தது. ஒன்று மெதுவாக, யோசித்து. மற்றது விசுக்கென்று. அந்த விசுக்கென்ற சத்தத்தை எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்ட சத்தம்.

அந்த ஞாயிறு நான் போகவில்லை. பொங்கிய சோற்றை மூடி வைத்துவிட்டு ஜெபமாலை சொன்னேன். அடுத்த ஞாயிறு பிளேன்டி ஊற்றிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனேன். தேத்தண்ணி கொடுக்கப் போவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவு திறந்துதான் இருந்தது. வேன்காரர் மேசையின் இந்தப் பக்கம் குனிந்து ஒரு பந்தை அடித்தார். பிறகு கையிலிருந்த கியூக் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் சுற்றிப் போய், ஸ்டாண்டிலிருந்து என் கணவரின் கியூவை எடுத்தார். அதை இடது கையில் பிடித்தார். என் கணவர் இடது கைக்காரர். சோறு மட்டும்தான் வலது கையால் சாப்பிடுவார், அதுவும் அவருடைய அம்மா அடித்துப் பழக்கியது.

குனிவதற்கு முன்னால் வேன்காரர் இடது கைப் பெருவிரலால் புருவத்தை ஒரு தரம் தடவினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். நாக்கால் கன்னத்தை உள்ளேயிருந்து முட்டினார். ஊசியில் நூல் கோர்க்கும்போதும், ரேடியோவைக் கழற்றிப் பூட்டும்போதும் என் கணவர் அப்படித்தான் செய்வார். அடித்ததும் பின்கால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. பந்து விழுந்தது. மூக்கால் ஒரு சிரிப்பு.

என் கையிலிருந்த கோப்பை ஆடி, சூடான தேத்தண்ணி விரலில் கொட்டியது. அவ்வளவு பருத்த உடம்பு. அந்த உடம்புக்குள்ளே ஒல்லியான என் மனுஷன் நின்றுகொண்டிருந்தார்.

வேன்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். வெட்கப்படவில்லை. "பூல்தான் ஆடுறது, நங்கி" என்றார். "இங்க பூல் பந்து இல்லதானே. சிவப்பு கொஞ்சம், கலர் கொஞ்சம் பிரிச்சு வெச்சிருக்கேன். கறுப்பு கடைசி. அவர் சைடும் நான்தான் ஆடுறது."

"யாரு ஜெயிக்கிறாங்க?"

"அவர்தான்." வலது கையால் நெற்றியைத் துடைத்தார். "ஒவ்வொரு நாளும் அவர்தான். நான் சும்மா விட்டுக் குடுக்கல்ல, நங்கி. பொய் சொல்லல்ல. ஜெயிக்கப் பாக்கிறேன். ஏலாது."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனேன். முதலில் கதவடியில் நின்றேன். பிறகு சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் தன் பக்கம் ஆடும்போது நான் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுற்றிப் போய் அந்தக் கியூவை எடுக்கும்போது திரும்புவேன். ஒருநாள் தலை சீவிக்கொண்டு போனேன். இன்னொரு நாள், என் கணவர் வாங்கித் தந்த ஊதாச் சேலையை எடுத்துப் பிரித்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன்.

கல்லறைக்குப் போனேன், அங்கே அவர் இல்லை. கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் படுத்துப் பார்த்தேன், இல்லை. கனவில்கூட வந்ததில்லை. வந்ததெல்லாம் அந்த மேசைக்குத்தான். உயிரோடு இருந்தபோது நான் ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லையே, அதைப் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாதருக்கும் சொல்லவில்லை.

வேன்காரர் ஆடும் விஷயம் மட்டும் கிளப்பில் தெரிந்துவிட்டது. "பாத்தீங்களா, செத்த பொறகும் அவருதான் அடிக்கிறாரு" என்றார் டிஸ்பென்சர். "ரெண்டு பக்கமும் ஆடுறது ஒரே ஆளு. அப்ப இடது கையாலயும் ஆடுற அவருதானே எல்லாத்துலயும் பெரிய ஆளு?" என்றார் பெரிய கிளாக்கர். கேட்டவர்கள் சிரித்தார்களாம். நான் சிரிக்கவில்லை. வேன்காரரின் கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. சட்டை தோளில் தொங்கியது. தாடையில் எப்போதும் ஒரு பிளாஸ்டர்.

ஒரு வேலை நாள், அவர் பெண்சாதி பிள்ளைக் காம்பராவுக்கே தேடி வந்தார். அதற்கு முன் சாவு வீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டில்களுக்கு நடுவே பாய் போட்டு உட்கார வைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம், குழந்தைகள் எழும்பாதபடி, மெதுவாக.

"அக்கே, அவர் இப்போ இடது கையால சவரம் செய்றார். தாடையெல்லாம் வெட்டிக்கிறார். வேன் கியரைப் போடப் போய் கை தடுமாறுது. பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போற வேன், அக்கே."

அந்தப் பிளாஸ்டரை நானும் பார்த்திருந்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. மேசையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்த்தேன்.

"எங்க சாமி தேவாலயத்துல நேத்தி வெச்சோம். பேயோட்டுற கட்டாடியாவைக் கூட்டி வந்து நூல் கட்டினோம். ஒண்ணும் சரிவரல்ல." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஒரு வார்த்தை கேக்கணும். நித்திரையில சொல்றார். முந்தாநாள் விடியக்காலமும் சொன்னார். 'புள்ள' என்றால் என்ன?"

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"'புள்ள, தண்ணி கொண்டா' என்கிறார். 'தண்ணி' விளங்குது. நான் கொண்டுபோய்க் கொடுத்தால் குடிக்கிறதில்ல. என்னைத் தள்ளிவிட்டு வேற யாரையோ தேடுறார்."

எங்கள் பக்கத்தில் பெண்சாதியை அப்படிக் கூப்பிடாத ஆண் இல்லை. என் கணவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்படிக் கத்துவதை வேன்காரர் நூறு தடவை கேட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். இருந்தாலும் ஆஸ்பத்திரியில் என்னிடம் தண்ணீர் கேட்டதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அது சும்மா கூப்பிடுற வார்த்தை. வீட்டுக்காரியைக் கூப்பிடுறது" என்றேன்.

அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அனே அக்கே, உங்கள் வீட்டுக்கார மகத்தயாவுக்குச் சொல்லுங்கள். என்னுடைய ஆளை விட்டுவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு சாமான் கேட்பதுபோல அவ்வளவு பணிவாகக் கேட்டார். "சொல்றேன்" என்றேன்.

அந்த ஞாயிறு வேன்காரர் வந்து சாவி கேட்டபோது, நான் கொடுக்கவில்லை. நானே அவருக்கு முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்தேன். ஸ்டாண்டிலிருந்து என் கணவரின் கியூவை எடுத்தேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. கைபிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"நங்கி, என்ன செய்றது?"

"இன்னிக்கு அவரு பக்கம் நான் ஆடுறேன்."

"ஐயோ வேணாம். நீங்க ஆடத் தெரியாது தானே."

"தெரியாது. ஆனா அவரு பெண்சாதி நான்தானே, அய்யே. அவருக்குப் பதிலா ஆடுறதுன்னா நான்தான் ஆடணும். நீங்க இல்ல."

அவர் கியூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. பிறகு பந்துகளை அடுக்கினார்.

நான் அடித்த முதல் அடி வெள்ளைப் பந்தின் மேலேயே வழுக்கிப் போய்விட்டது. இரண்டாவதில் பந்து மேசையைவிட்டு எகிறி, பெஞ்சுக்குக் கீழே உருண்டது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "துணி கிழியும், நங்கி. கொஞ்சம் மெதுவா" என்றார். அவர் தன் முறைக்கு வலது கையால் அடித்தார், ஒரு சிவப்பு விழுந்தது. என் முறை வந்தபோது அவர் இடது கை தானாகக் கியூவை நோக்கி நீண்டது. நான் கியூவை விட்டுக்கொடுக்கவில்லை. என் முறையை நானே ஆடினேன். நான் ஒவ்வொரு தடவை தவறவிடும்போதும், அவருக்கு எங்கேயோ வலிப்பதுபோல் முகத்தைச் சுளித்தார். ஒரு தடவை, "அவர் அத விடமாட்டார்" என்று சத்தமாகவே சொன்னார்.

"அவரு விடமாட்டாரு. நான் விட்டுட்டேன்" என்றேன்.

என்னுடைய பந்துகள் எல்லாம் மேசையிலேயே கிடந்தன. கடைசியில் கறுப்பு மட்டும் மூலைப் பொக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றது. குழந்தைகூடப் போட்டுவிடும். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"போடுங்க, அய்யே."

போட்டார். பந்து பொக்கட்டுக்குள் போன சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் மேசையின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அடக்கத்தன்று அழாத அழுகை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "ஆட்டம் முடிஞ்சிருச்சி. தோத்தது நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழும்பி முகம் துடைத்தார். பழக்கத்தில் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். என் கணவரின் கியூவை நான் அங்கே சாய்த்து வைத்திருந்தேன். அவர் அதை இடது கையில் எடுத்தார், ஒரு பந்தைக் குறிவைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிடி தவறாக இருந்தது. முழங்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. புருவத்தைத் தடவவில்லை. வலது கைக்காரர் ஒருவர் இடது கையால் முயன்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பந்து எங்கேயோ போனது.

"இல்லதானே?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. என் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கதவைப் பூட்டினேன். வேலி இடைவெளியில் வரும்போது காலுக்குக் கீழே நிலம் இல்லாதது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரைக் கொண்டு வந்தபோதுகூட நான் அப்படி வீட்டுக்குள் நுழையவில்லை. மறுநாள் சாவியைப் பெரிய கிளாக்கரிடம் கொடுத்துவிட்டேன்.

வேன்காரருக்குச் சரியாகிவிட்டது. ஒரேயடியாக அல்ல, உடம்பு தேற மாதக்கணக்கானது. சித்திரைப் புத்தாண்டுக்கு அவரும் பெண்சாதியும் ஒரு தட்டு நிறையக் கெவுமும் கொக்கிஸுமாகப் பலகாரம் கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் என் சமையல்கட்டுக்குள் வந்து தானாகவே தேத்தண்ணி ஊற்றினார். நாங்கள் அந்த விஷயத்தைப் பேசவில்லை. வேன்காரர் இப்போது பெல்மதுளையில் பூல் ஆடுகிறாராம். இளம் பிள்ளைகளிடம் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவதாகக் கேள்வி. யார் பெரிய ஆட்டக்காரர் என்று அவரைக் கேட்டால், என் கணவர் பெயரைத்தான் சொல்கிறார். பெரிய கிளாக்கர் அதை எடுத்துக்கொள்வதில்லை. துக்கத்தில் சொல்வது கணக்கில்லை என்கிறார். நான் ஆடிய ஆட்டம் செல்லாது என்கிறார் டிஸ்பென்சர். வாக்குவாதம் இன்னும் நடக்கிறது.

போன மாதம் டிஸ்பென்சர் என்னை ரோட்டில் நிறுத்தினார்.

"அம்மா, பழைய போனத் தேடிப் பாத்தேன். அன்னிக்கு உங்க வீட்டுக்காரரு பில்லியர்ட்ஸ் ஆடினாரே, அதக் கொஞ்சம் வீடியோ எடுத்திருக்கேன். உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, அந்தக் கைக்கு முன்னால யாராச்சும் நிக்க முடியுமான்னு."

அது என் போனில் வந்து கிடக்கிறது. திறக்காமலே சின்னதாக ஒரு படம் தெரிகிறது: பச்சைத் துணியின் ஒரு மூலை, சட்டைக் கையின் மடிப்பு, முகம் இல்லை. நடுவில் அந்த அம்புக்குறி. வேலை விட்டு வந்து சில பின்னேரம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். விரல் போகிறது, தொடுவதில்லை. அதில் இருப்பது எவ்வளவு நேரம் என்று பார்த்தேன், ரொம்பக் கொஞ்சம். பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு பார்க்காதது என்று அவரிடம் எனக்கு ஒன்றுமே மிச்சம் இருக்காது.